ஜூலைத் தண்ணீர்

ஷெர்மமத்துக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. விடியலிலிருந்து குனிந்தபடி வாய்க்காலில் சேறு வழித்தும் தண்ணீர் என்னவோ கயிறு கனத்துக்குத்தான் வந்தது. உருளைக்கிழங்குச் செடி பூத்து நின்றது. இன்று நனையாவிட்டால் கிழங்கு அக்ரூட் கொட்டைப் பருமனைத் தாண்டாது. குளிர்காலத்துக்கு வீட்டில் வேறு எதுவும் இல்லை.

இன்றைய தண்ணீர் முறை அவனுடையதே அல்ல. பக்கத்து வயல் அனார்குலிடம் ஏப்ரலில் மாற்றிக்கொண்டது. தன் வசந்த முறையைக் கொடுத்து அவளுடைய ஜூலை முறையில் ஒன்றை வாங்கினான். மலைப்பனி உருகி ஆறு கலங்கிப் புரளுவது ஜூலையில்தான். ஜூலை முறை ஒன்று வசந்த முறை இரண்டுக்குச் சமம் என்பது ஊரே போட்டு வைத்திருந்த கணக்கு. அவளை ஏய்த்துவிட்டதாக அன்று தேநீர்க்கடையில் சொல்லிச் சிரித்தான். ஆனால் இந்த வருடம் விழுந்ததே கொஞ்சம் பனி. அதுவும் ஏப்ரலிலேயே உருகி ஓடிவிட்டது. அவன் கொடுத்த முறையில் வாய்க்கால் கரை தெறிக்கப் போனது. இப்போது உச்சியில் கறுத்த பாறைதான் தெரிந்தது.

பாப்லர் மரத்து நிழல் மடையைத் தொட்டால் அவன் முறை முடிந்தது. நிழல் ஒரு முழ தூரத்தில் நின்றது. பாதிச் சால்கூட நனையவில்லை.

அடுத்த முறைக்காரி அனார்குல்தான். மண்வெட்டியோடு வந்தவள் மடைப்பலகையை மிதித்து இறக்கப் பார்த்தாள். அவன் கையைக் கொடுத்துத் தடுத்தான்.

"நிழல் வந்தாச்சு தம்பி. நகரு."

இன்னும் தொடவில்லை என்றான். கரை புரண்ட தண்ணீர் கொடுத்தவனுக்குக் கழுதை மூத்திரம் அளவா திருப்பித் தருவது என்று கேட்டான். அவனுடைய இன்னொரு கை மண்வெட்டிக் காம்பை இறுக்குவதை அவள் பார்த்தாள். காலை எடுக்கவில்லை.

"என்னை ஏமாத்திட்டேன்னு கடையில சிரிச்சியாமே. இப்பச் சிரி, பாப்போம்."

அவன் கையை எடுக்கவில்லை. நிழல் மடையில் ஏறியது. அவள் அவன் செடிகளைப் பார்த்தாள். அடியிலை சுருண்டு கிடந்தது. பிறகு தன் மக்காச்சோளத்தைப் பார்த்தாள். அதுவும் வாடித்தான் நின்றது.

"என் முறையில பாதி எடுத்துக்க. உச்சிப்பொழுது வரைக்கும்."

அவன் வாய் திறக்குமுன் விரலை நீட்டினாள்.

"வசந்தத்துல தரேன்னு மட்டும் சொல்லாத. அப்போ தண்ணி நாய்கூடச் சீண்டாமக் கெடக்கும். அடுத்த வருஷம் எனக்கு ஜூலைத் தண்ணியாத்தான் வேணும்."

ஷெர்மமத் மலையைப் பார்த்தான்.

"சரிக்கா."

அவள் காலை எடுத்தாள். அவன் மறுபடி குனிந்து அடுத்த சாலுக்கு மண்ணை வெட்டிவிட்டான். தண்ணீர் மெல்ல ஊர்ந்தது. அனார்குலுக்கு அவன் தரவேண்டிய பாக்கி, அரை முறை ஜூலைத் தண்ணீர்.