பேண்டேஜ் துணியில் ஒரு பொட்டு

ஆடி மாசத்தில் புதுசாக எதையும் தொடங்கக் கூடாது என்று ஜெர்மனியில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது. ஆகஸ்ட் ஆறாம் தேதி காலை ஒன்பது மணிக்குத் துணியைப் பார்க்க வருகிறேன் என்று ஃபேக்ஸ் அனுப்பிவிட்டார் அந்த மனுசர்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஆலையொன்றின் பேக்கிங் சூப்பர்வைசரான காசிராஜனுக்கு அன்றோடு தூக்கம் போயிற்று. பத்து வருசமாக ரஷ்யாவுக்கே துணி அனுப்பிப் பழகியவர். ரஷ்யாக்காரன் சாக்கில் கட்டிய ஒரு பேலைப் பிரித்துப் பார்த்ததாகச் சரித்திரம் கிடையாது. இங்கே ஏற்றினால் அங்கே இறக்கிக்கொண்டான். போன டிசம்பரில் சோவியத் என்ற அந்த நாடே இல்லாமல் போனது. உலகம் மாறிவிட்டது என்று பெரிய மனிதர்கள் பேப்பரில் பேசினார்கள். ராஜபாளையத்தில் அது எப்படித் தெரிந்ததென்றால், பேக்கிங்கில் இருந்த நாற்பது பெண்களில் முப்பத்திரண்டு பேரை நிறுத்தச் சொன்னார்கள். யார் யார் என்று காசிராஜனே எழுதித் தர வேண்டுமாம். எழுதினார். எழுதிவிட்டு ஒரு வாரம் பஜார் பக்கமே தலைகாட்டவில்லை. அவ்வளவு பெரிய வீரர்.

இப்போது சரக்கு வைக்கும் கிட்டங்கியில் நாற்பது பேல் கட்டித் தயாராக இருந்தது. ஜெர்மன்காரர் பார்த்துச் சரி என்றால் வருசம் பூராவும் ஆர்டர், முப்பத்திரண்டு பேருக்கும் திரும்ப வேலை. இல்லையென்றால் மிச்சமிருக்கிற எட்டுப் பேரும் வீட்டுக்கு.

"இந்த ஆர்டருக்குச் சைனாக்காரனும் பாகிஸ்தான்காரனும் வரிசையில நிக்கான், காசி. ஒரு நூல் பிசகக் கூடாது" என்றிருந்தார் சின்ன முதலாளி.

யாரும் கூப்பிடாமலே அந்த முப்பத்திரண்டு பேரும் காலையிலேயே வந்து கேட்டுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டார்கள்.

ஜெர்மன்காரர் ஒரு தாளில் ஐந்து எண் குறித்துக்கொண்டு வந்திருந்தார். பதினேழாம் பேலைப் பிரித்தார்கள். பூதக்கண்ணாடியை வைத்து இழையை எண்ணினார், தலையை ஆட்டினார். முப்பத்தொன்று. எட்டு. இருபத்திரண்டு. எல்லாம் பால் மாதிரி வெள்ளை. கடைசி எண்ணைச் சொன்னார்.

"ஒண்ணாம் நம்பராம்" என்றார் சின்ன முதலாளி.

காசிராஜன் மற்ற பேல்களின் பக்கம் ஒதுங்கி நின்றார்.

ரஷ்யாவுக்குப் போன ஒவ்வொரு லோடிலும் முதல் பேலுக்குப் பொட்டு வைப்பது அவர் வழக்கம். சாக்கின் மேல் வைத்தால் லாரிக்காரன் கை பட்டு அழிந்துவிடும். அதனால் உள்ளே, துணியின் மேலேயே. பொட்டு வைத்து அனுப்பியும் அந்த நாடு நிலைக்கவில்லை என்பதை அவர் யோசித்துப் பார்க்கவில்லை. இந்த முறை ஆடி மாசம் வேறு. தோஷம் கழியட்டுமென்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கே பஸ் ஏறிப்போய், ஆண்டாள் சன்னதிக் குங்குமம் வாங்கிவந்து, சந்தனம் குழைத்து, சற்றுப் பெரிதாகவே வைத்திருந்தார்.

சாக்கு பிரிந்தது. மேல் சுருளில் ஒரு ரூபாய் அகலத்துக்கு மஞ்சளும் சிவப்பும்.

ஜெர்மன்காரர் குனிந்து முகர்ந்தார். "பிளட்?"

அவர் நிமிர்ந்தார். எட்டுப் பேரில் ஒருத்தியாகப் பேல் பக்கத்தில் நின்ற வெள்ளத்தாயின் நெற்றியைப் பார்த்தார். திரும்பத் துணியைப் பார்த்தார். வெள்ளத்தாய் தினம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவள் நெற்றியிலும் அதே குங்குமம்.

"ஏமி இதி?" கோபம் வந்தால் சின்ன முதலாளிக்கு வீட்டுத் தெலுங்கு வந்துவிடும். "ஏம்மா, துணியில பொட்டு வைக்க இது என்ன கோயிலா? காசி, இந்தம்மாவ இப்பவே வெளிய அனுப்பு."

பொட்டு வைத்தது யாரென்று வெள்ளத்தாய்க்குத் தெரியும். அப்போது சாக்கை மடக்கிப் பிடித்ததே அவள்தான். முப்பத்திரண்டில் சேர்க்காமல் எட்டில் தன்னை நிறுத்திவைத்தவராயிற்றே என்று வாயைப் பூட்டிக்கொண்டு நின்றாள். காசிராஜனுக்குள் ஒரு குரல், சும்மா இருந்தால் ஒருத்தியோடு போய்விடும் என்று நல்லபடியாகவே கணக்குச் சொன்னது. அந்தக் குரலை அவருக்கு நன்றாகத் தெரியும். பட்டியல் எழுதியபோதும் கூடவே உட்கார்ந்திருந்த குரல்தான்.

"நாந்தான் வச்சேன், மொதலாளி."

"என்னய்யா சொல்ற?"

"நாந்தான். ரத்தமில்ல, குங்குமம்னு அவருகிட்டச் சொல்லுங்க. இது ஒண்ணுலதான் வச்சேன்."

சின்ன முதலாளி இங்கிலீஷில் சொன்னார். ஜெர்மன்காரர் ஏதோ கேட்டார்.

"ஒண்ணுலதான்னு எப்படி நம்புறதுன்னு கேக்காரு."

"அம்புட்டையும் பிரிக்கச் சொல்லுங்க."

எட்டுப் பெண்களும் மிச்ச முப்பத்தைந்து பேலையும் பிரித்தார்கள். ஒவ்வொரு சாக்கு திறக்கும்போதும் காசிராஜன் வேறு பக்கம் பார்த்தார். தன் கை மேல் தனக்கே நம்பிக்கையில்லாத நிலைமை. இன்னொன்றிலும் வைத்துத் தொலைத்தோமா? முப்பத்தொன்பதாவது பிரிந்தபோது மணி நாலு. சுத்தம். நாற்பதாவதும் சுத்தம்.

ஜெர்மன்காரர் கையெழுத்துப் போட்டார். கீழே இரண்டு வரி சேர்த்தார்.

"ஒண்ணாம் பேலைக் கழிச்சிரணுமாம்" என்றார் சின்ன முதலாளி. பிறகு குரலைத் தாழ்த்தி, "பேக்கிங்குக்குப் படிச்ச ஆளப் போடணுமாம். நீங்க நாளையிலருந்து நூல் குடோனைப் பாத்துக்கோங்க, அண்ணே" என்றார். பத்து வருசத்தில் முதல் தடவையாக அண்ணே.

காசிராஜன் கேட்டைத் திறந்தார். முப்பத்திரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். அவருடைய பட்டியலில் முதல் பெயர் தங்கபாய். அவள்தான் முன்னால் வந்தாள்.

"என்ன அண்ணாச்சி, மூஞ்சி இப்படிச் செத்துக் கெடக்கு? இல்லன்னுட்டானா?"

"நாளைக்கு ஏழு மணிக்கு வந்திரணும். அம்புட்டு பேரும்."

ஒரே கூச்சல். செத்த நேரம் யார் பேசுவதும் கேட்கவில்லை.

"லேட்டா வந்தா வைவீகளே" என்றாள் தங்கபாய்.

"இனிமே வைய வேற ஆளு வருதாரு. படிச்சவரு. நான் நூல் குடோன். நூலு லேட்டா வராது, எதுத்தும் பேசாது."

சிரிக்க வாயெடுத்த தங்கபாய் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். ஆறு மாதமாக அவரோடு பேசாமலிருந்தவள்.

"சாப்பிட்டீகளா?"

"இல்ல."

தூக்குச்சட்டியைத் திறந்து அவரிடம் நீட்டினாள். புளிச்சோறு. காசிராஜன் அந்தப் பெண்கள் நடுவில் தரையில் உட்கார்ந்து, யார் முகத்தையும் பார்க்காமல் சாப்பிட்டார்.