இத்தாலிக் குப்பி

ராஜபாய் பீங்கான் பரணியின் வாயைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, சின்ன அகப்பையை உள்ளே விட்டாள். முன்னறையிலிருந்து மறுபடியும் அதே கேள்வி வந்தது, குப்பி திறந்தாச்சா என்று. கஞ்சித் தண்ணீர்கூட இறங்காத மனுஷனுக்கு இதைக் கேட்க மட்டும் குரல் இருந்தது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பியதிலிருந்து அவள் முதுகு சாய்த்து உறங்கியது கிடையாது.

புருஷன் பொன்னையன் அம்பூரி ரப்பர் எஸ்டேட்டில் துரை பங்களாவின் சமையல்காரராக இருந்தவர். துரைக்குச் சிவப்பு வைன் ஊற்றிக்கொடுத்து, தக்கையை முகர்ந்து முகர்ந்தே பாதி ஆயுள் போயிற்று. அதில் ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை. அடுத்தவன் எச்சில் கிளாசைத் தொடுகிற ஆள் இல்லை அவர். அந்தக் குறையை ஊரில் கேட்காதவர் கிடையாது. சபைப் போதகரிடம்கூடச் சொன்னார். போதகர் அதற்கும் ஒரு ஜெபம் செய்துவிட்டுப் போனார்.

இத்தாலியில் நர்சாக இருக்கும் மகள் ஜெஸ்னா போன லீவில் ஒரு குப்பி கொண்டுவந்தாள். மலைச்சரிவில் ஒரே ஒரு குடும்பம் தங்கள் தோட்டத்துத் திராட்சையில் கொஞ்சமாகப் போடுகிற வைனாம்; பெரிய ஓட்டல்காரர்களே சொல்லிவைத்துக் காத்துக் கிடப்பார்களாம். பாறசாலைப் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு இப்படியொன்று வந்தால் சேதி மதில் தாண்ட எவ்வளவு நேரமாகும்? அடுத்த வீட்டு ஆனந்தபாய் வந்து, குப்பியைத் தடவிப் பார்த்து, வைத்தியர் கடைத் தசமூலாரிஷ்டத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர்தானே இது என்று கேட்டுவிட்டுப் போனாள். அப்பாவுக்குக் கொஞ்சம் தெளியட்டும், உட்கார்ந்து குடிக்கட்டும் என்று அலமாரியில் வைத்துவிட்டு ஜெஸ்னா விமானம் ஏறினாள். தெளியவில்லை.

நேற்றுத்தான் ராஜபாய் அதைத் திறந்தாள். தக்கையைப் பிடுங்கத் தெரியாமல் மத்துக்காம்பால் உள்ளே குத்தித் தள்ளினாள். ஒரு துளி நாக்கில் வைத்தாள். கொல்லாம்பழத்தைக் கடித்ததுபோலத் துவர்த்து வாயைப் பிடித்தது. புளிப்பு வேறு. கெட்டுப்போயிருக்கிறது; பிள்ளையை எவனோ ஏமாற்றிவிட்டான். அது இவருக்குத் தெரியக் கூடாது. வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் வைன் போடுகிறவளுக்குக் கெட்டதைத் தேற்றவா தெரியாது? முழுவதையும் பரணியில் கவிழ்த்து, கருக்கிய சீனியும் பட்டையும் கராம்பும் போட்டுக் கட்டிவைத்தாள். கராம்பு ஆனந்தபாய் கொடுத்தது. எதற்கென்று கேட்காமலா கொடுத்திருப்பாள்.

இப்போது அதில் ஒரு வாய் கிளாசில் எடுத்துவந்து, அவர் தலையைத் தூக்கிப் பிடித்தாள். பொன்னையன் முதலில் மூக்கருகே வைக்கச் சொன்னார். முகர்ந்தார். அவளைப் பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

"எப்படி உண்டு?"

"இதையாக்கும் அந்தத் துரை பூட்டி வச்சுக் குடிச்சது." மூச்சு வாங்கியது. "ஒண்ணும் கொறஞ்சு போகல்ல, ராஜம். நான் ஒண்ணும் எழந்துட்டில்ல."

இன்னொரு வாய் கேட்டார். அதில் பாதி கன்னம் வழியே தலையணைக்குப் போயிற்று. வெயில் உச்சிக்கு ஏறுமுன் அவரும் போய்விட்டார்.

ஆனந்தபாய் தன் வீட்டுப் போனிலேயே இத்தாலிக்குச் சேதி சொன்னாள். இந்த மாதிரி வேலையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. சவப்பெட்டி வருமுன் ஜெஸ்னா திரும்பக் கூப்பிட்டாள். ராஜபாய் உடுத்த சேலையோடு போனாள். அழுது முடித்து, தூரத்துப் போன் என்று மகள் கத்தித்தான் பேசினாள். கதவோரம் நின்ற ஆனந்தபாய்க்கும் கேட்டிருக்கும்.

"அப்பா அதக் குடிச்சாராம்மா?"

"குடிச்சாரு மக்கா."

"நாக்குல அந்தத் துவர்ப்பு பிடிச்சு நிக்குமே, அதுக்காக்கும் அந்த வைனுக்கு அத்தற பேரு. சீனியே கெடையாது. அப்பாக்குத் தெரிஞ்சுதா?"

ராஜபாய் ரிசீவரை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினாள்.

"தெரிஞ்சுது," என்றாள். "இன்னொரு வாயும் கேட்டாரு."

ஜெஸ்னா மறுபடியும் அழுதாள். இது வேறு அழுகை. அதற்குள் லைன் அறுந்துபோயிற்று.

ராஜபாய் ரிசீவரைத் தலைகீழாக வைத்துவிட்டு முற்றத்தில் இறங்கி நடந்தாள். கராம்பு கொடுத்த ஆனந்தபாய்க்குக் கேட்க எவ்வளவோ இருந்தது. அவள் ரிசீவரை மட்டும் திருப்பி நேராக வைத்தாள்.