உப்புப் போடாத ரீடிங்

எர்த்து மின்பொறியியல் துறைக்குள் வந்து சேர்ந்த விதம், எலி பொறிக்குள் வந்து சேரும் விதத்தைவிடக் கொஞ்சம் கௌரவக் குறைச்சலானது. எலிக்காவது உள்ளே தின்பதற்கு ஏதாவது வைத்திருப்பார்கள். இவனுக்கு வெளியிலிருந்து தள்ளிவிட ஒரு மாமா மட்டும்தான் இருந்தார். "உலகத்துல எது நின்னாலும் கரண்டு நிக்காதுடா மாப்ளே" என்று அவர் சொன்ன அன்று வீட்டில் கரண்டு நின்றிருந்தது. இருட்டில் யார் தலையாட்டினார்கள், யார் ஆட்டவில்லை என்று தெரியாததால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அவன் கேட்டது புவியியல். அந்தத் துறைப் பிள்ளைகள் நிலம் அளக்கும் முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு காலையிலேயே வெயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். மின்பொறியியல் ஆய்வகமோ கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. சன்னல் கிடையாது. தரையில் ரப்பர் விரிப்பு, மேலே ஓயாமல் முனகும் குழல்விளக்கு, எப்போதும் ஏதோ கருகின வாசம். என்ன கருகியது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டவன் கணக்கில் அது எழுதப்படும்.

எர்த்து என்ற பட்டப்பெயர் இரண்டாவது வாரமே ஒட்டிக்கொண்டது. வகுப்பில் யார் மீது கோபம் பாய்ந்தாலும் கடைசியில் இவன் வழியாகத்தான் தரைக்கு இறங்கும். இவனும் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொள்வான். எர்த்துக் கம்பியின் வேலையும் அதுதானே?

கம்பிகள் கூடும் ஒரு சந்திப்புக்குள் எவ்வளவு மின்னோட்டம் நுழைகிறதோ, அவ்வளவும் வெளியேறியே தீர வேண்டும் என்று முதல் மாதம் சொல்லிக்கொடுத்தார்கள். எர்த்து ஆசையோடு திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தான். மாணவர்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

வெளியேற ஒரே ஒரு வழிதான் இருந்தது. முதலாமாண்டில் துறையிலேயே முதலிடம் வாங்குகிறவர் விரும்பிய துறைக்கு மாறிக்கொள்ளலாம். அதாவது, மின்பொறியியலை விட்டு ஓட வேண்டுமானால் மின்பொறியியலில் எல்லாரையும்விடக் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும். சிறையில் பூட்டுச் செய்யும் வேலையில் முதல் பரிசு வாங்குகிறவனுக்கு மட்டும் விடுதலை என்பது மாதிரி.

எர்த்து படித்தான். பிடிக்காத உறவினர் வீட்டில் சாப்பிடுகிறவன் போல, தலை நிமிராமல், மிச்சம் வைக்காமல் படித்தான். எழுத்துத் தேர்வுகள் முடிந்தபோது அவனும் கால்குலேட்டரும் சமமாக நின்றார்கள். கால்குலேட்டர் பக்கத்து மேசைக்காரன். அவனுக்கு எங்கும் மாற வேண்டியதில்லை. முதலிடம் வாங்குவது அவனுக்குப் பல் தேய்ப்பது மாதிரி ஒரு பழக்கம், அவ்வளவுதான். மீதமிருந்தது செய்முறைத் தேர்வு ஒன்றே.

அந்த ஆய்வகத்தில் யாரும் மீட்டரைப் பார்த்து ரீடிங் எடுப்பதில்லை. முதலில் சூத்திரத்தில் போட்டு விடையைக் கண்டுபிடிப்பார்கள். பிறகு மூன்றாவது தசமத்தில் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ எழுதுவார்கள். இதற்கு 'உப்புப் போடுவது' என்று பெயர். உப்பில்லாத விடை அப்பட்டமான பொய்யாகத் தெரியும். அளவாக உப்புப் போட்டால் அளந்த மாதிரியே இருக்கும். இந்தக் கைப்பக்குவம் சீனியர்களிடமிருந்து ஜூனியர்களுக்கு ஆண்டுதோறும் பழுதில்லாமல் வந்துகொண்டிருந்தது. மீட்டர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

எர்த்து ஒரு கணக்குப் போட்டிருந்தான். எல்லாரும் உப்புப் போடுவார்கள். அதில் கால்குலேட்டரை யாரும் மிஞ்ச முடியாது. தான் ஒருவன் மட்டும் நிஜமாகவே அளந்தால் ஒரு மார்க்காவது கூட வரும். அந்த ஒரு மார்க்கில் வெயிலுக்குப் போய்விடலாம்.

தேர்வன்று வெளியிலிருந்து தேர்வாளராக ஓர் அம்மா வந்திருந்தார். துணை மின்நிலையத்தில் பல வருஷம் பொறியாளராக இருந்தவர். பெரிய கைப்பையை மேசைமேல் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். கேள்வி சுலபமானது. பன்னிரண்டு வோல்ட், வரிசையாக இரண்டு மின்தடைகள், ஓர் அம்மீட்டர். மின்னோட்டத்தை அள, ஒவ்வொன்றின் மேலும் விழும் வோல்ட்டை அள, கூட்டினால் பன்னிரண்டு வருகிறதா என்று பார்.

எர்த்து இணைத்தான். சுவிட்சைப் போட்டான். அம்மீட்டர் பூஜ்யம் காட்டியது.

வயர்களை அழுத்திப் பார்த்தான். பூஜ்யம். கழற்றி மாட்டினான். பூஜ்யம்.

"டேய் எர்த்து, என்னடா அதை உத்து உத்துப் பாக்கற? பொண்ணா பாக்க வந்த?" என்று கால்குலேட்டர் கிசுகிசுத்தான்.

"ஜீரோ காட்டுதுடா."

"எனக்கும் ஜீரோதான். எல்லாருக்கும் ஜீரோதான். உப்பைப் போட்டுட்டு எந்திரி."

உப்புப் போட்டால் இரண்டாமிடம். இரண்டாமிடத்துக்கு வெயில் கிடையாது. எர்த்து எழவில்லை. வோல்ட்மீட்டரை எடுத்து ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தான். முதல் தடையின் மேல் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் ஒன்றுமில்லை. பன்னிரண்டு வோல்ட் எங்கேதான் போய்த் தொலைந்தது? வேறு இடம் பாக்கியில்லாததால் அம்மீட்டரின் இரு முனைகளிலேயே வைத்தான். பன்னிரண்டும் அங்கே சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது. மீட்டருக்குள்ளேயே வழி அறுந்திருந்தது. அந்தப் பக்கம் ஒரு சொட்டு மின்னோட்டமும் போகவில்லை.

மற்றவர்கள் எழுந்து போய்விட்டார்கள். 'அம்மீட்டர் உள்ளே துண்டாகியிருக்கிறது. மின்னோட்டம் இல்லை. பன்னிரண்டு வோல்ட்டும் மீட்டரின் மேல்' என்று எழுதிக் கொடுத்தான்.

தேர்வாளர் எல்லாரையும் திரும்ப உள்ளே கூப்பிட்டார். கைப்பையைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தார். கண்ணாடி ஃபியூஸ்கள் கலகலவென்று கொட்டின.

"உங்க அம்மீட்டருங்களோட ஃபியூஸ். காலைல நானே கழட்டினேன்" என்றார். "ஃபியூஸ் இல்லாத மீட்டர்ல மூணாவது தசமம் வரைக்கும் கரண்டு பாத்திருக்கீங்க. நல்ல கண்ணு. சுத்திப் போடச் சொல்லுங்க."

ஒரு ஃபியூஸை எடுத்து எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார்.

"நாளைக்கு ஒரு லைன்ல கரண்டு இல்லைன்னு இப்படித்தான் எழுதிக் கொடுப்பீங்க. அதை நம்பி ஒருத்தன் கை வைப்பான். அவன் வீட்டுக்கு யார் போய்ச் சொல்றது?"

எர்த்து ஒருவனைத் தவிர வகுப்பு முழுக்கத் தோற்றது. எல்லாரும் முதலாமாண்டை முதலிலிருந்து படிக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

எர்த்து தலை வாரிக்கொண்டு துறைத்தலைவர் அறைக்குப் போனான்.

"சார், நான் ஃபர்ஸ்ட் ரேங்க். புவியியலுக்கு மாத்தி விடுங்க."

"ஃபர்ஸ்ட்டா? எத்தனை பேர்ல?"

"நான்... நான் மட்டும்தான் சார் பாஸ்."

"ஒருத்தனே ஓடினா அது பந்தயம் இல்லப்பா. வாக்கிங்."

"விதியில அப்படி இல்லையே சார்."

"சரி, விதியை விடு. உன்னையும் அனுப்பிட்டா ரெண்டாம் வருஷத்துக்கு நாங்க நாலு வாத்தியாரும் யாருக்குப் பாடம் எடுக்கறது? சுவத்துக்கா?"

"எடுங்க சார். எனக்கு ஆட்சேபணை இல்லை."

"சுவரு பரீட்சை எழுதாதேப்பா." துறைத்தலைவர் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். அன்பான கைதான். கனமாக இருந்தது. "பழுதைக் கண்டுபிடிச்ச ஒரே பையன் நீ. உன்னைப் போய் விட்ருவோமா?"

செய்தி கேட்டு மாமா போனிலேயே குதித்தார். "ஒத்தை ஆளுக்கு நாலு ப்ரொஃபசரா! மாப்ளே, மகாராஜாவுக்குக்கூட வாய்க்காதுடா!"

இரண்டாமாண்டு தொடங்கியது. பெரிய வகுப்பறை, வரிசை வரிசையாகப் பெஞ்சுகள், நடுவில் எர்த்து. யார் முதுகுக்குப் பின்னாலும் ஒளிய வழியில்லை. அவன் கொட்டாவி விட்டால் வகுப்பே கொட்டாவி விட்டது. மின்மாற்றிப் பாடம் எடுக்கிறவர் பழக்கதோஷத்தில் "யாராவது சொல்லுங்க பாப்போம்" என்று அறை முழுக்கக் கண்ணை ஓட்டுவார். ஓட்டிவிட்டு, வேறு வழியில்லாமல் அவனிடமே வந்து நிற்பார்.

ஒருநாள் தாங்க முடியாமல் கையைத் தூக்கினான்.

"சார், பாத்ரூம் போகணும்."

மின்மாற்றிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். காலிப் பெஞ்சுகளைப் பார்த்தார். சாக்பீஸைக் கீழே வைக்காமலே, "வா, போலாம். போர்ஷன் நிறைய இருக்கு" என்றார்.

தாழ்வாரம் முழுக்க மின்மாற்றியின் முதன்மைச் சுருளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே கூட வந்தார். எர்த்து உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டான். ஒரு நிமிஷம் ஒரு சத்தமும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

"ரெண்டு சுருளும் ஒண்ணையொண்ணு தொடறதே இல்ல" என்றது கதவுக்கு அந்தப் பக்கம் குரல். "ஆனா இதுல நடக்கறது அதுலயும் நடக்கும். கேக்குதாப்பா?"

"கேக்குது சார்" என்றான் எர்த்து.