மூடிக்கொண்ட முகத்துவாரம்

விடியுமுன்னே காசியம்மாள் ஏரிக்குள் குந்தியிருந்தாள். ஓலைப்பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடித்தாள். சிக்கியதெல்லாம் நகத்தளவுதான். எண்பத்திரண்டிலும் மழை இல்லை, எண்பத்துமூன்றிலும் இல்லை. ஆறு வறண்டதால் கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டது. கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வர வழியில்லை. உப்பேறிய தண்ணீரில் விரல் வெடிப்புகள் எரிந்தன.

அவள் கரையேறியதும், அங்கே ஐஸ் லாரியோடு நின்றிருந்த ஏற்றுமதி ஏஜெண்டு ராஜவேலு பறிக்குள் எட்டிப் பார்த்தான்.

"இன்னாம்மா, எல்லாம் பொடியா இருக்குது? பாதி வெலதான்."

"முகத்துவாரத்த வெட்டினா பெருசு வரும் சார். நாளைக்குக் குப்பமே மம்பட்டியோட போவுது," என்றான் அவள் புருஷன் கங்காதரன்.

"நாளைக்கு உங்க பாடாச்சே?"

பாடு என்றால் முறை. இறால் ஓடும் ஒரே வாய்க்காலில் மூன்று குப்பங்களும் நாள் மாற்றி வலை கட்டும். ஒரு நாளை விட்டால் மூன்று நாளைக்கு அடுப்பு எரியாது.

"வுட்டுட்டுத்தான் போறோம்."

"போங்க. போறவன் இறாலு இனிமே என் லாரில ஏறாது. ஜப்பான்ல கேக்கறான்யா, நாடு முன்னேறுது! கொசுவல தர்றேன், குஞ்சோட வாரிக் குடுங்க."

"குஞ்சையும் வாரிட்டா அடுத்த வருசம் இன்னாத்த வாருவே?" என்று கேட்டாள் காசியம்மாள்.

"எனக்கின்னா? வேற ஏரி பாப்பேன்."

லாரிக்கு நூறு ஏரி இருக்கும். இவளுக்கு இது ஒன்றுதான். ஒரு ஏரியையே தின்று தீர்த்துவிட்டுப் போவதற்குப் பெயர் முன்னேற்றமாம்!

மறுநாள் குப்பமே கூடி முகத்துவாரத்து மணலை வெட்டியது; வெட்ட வெட்டச் சரிந்தது. உச்சிப் பொழுதாகியும் பள்ளம் முழங்காலைத் தாண்டவில்லை. அப்போது எதிர்க்குப்பத்துப் படகுகள் வந்தன. முன்னால் நின்றவன் சின்னதம்பி. போன வருஷம் பாடு முறைத் தகராறில் கங்காதரனின் மண்டையை உடைத்தவன்.

"இன்னாடா, எங்க பாடு நாள்ல வல கட்ட வந்தியா?" கங்காதரன் மண்வெட்டியை ஓங்கினான்.

சின்னதம்பி படகிலிருந்து தன் மண்வெட்டியை எடுத்தான்.

"நாளைக்கு எங்க பாடு. அதையும் வுட்டாச்சு. லாரி காலியாவே போவட்டும். நவுரு, எடம் குடு."

கங்காதரன் ஓங்கிய மண்வெட்டியை இறக்கினான். காசியம்மாள்தான் நகர்ந்து இடம் விட்டாள். கடல் இன்னும் எண்பது கஜத்துக்கு அப்பால் இரைந்துகொண்டிருந்தது.