பலாமரத்தின் வடக்குக் கிளை

தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான மேல் லயத்தில் இணையம் என்பது பலாமரத்தின் வடக்குக் கிளை. வீட்டுக்கு ஓர் ஆணி. பிளாஸ்டிக் பையில் போனைப் போட்டுத் தொங்கவிட்டால், கேரளத்து டவர் ஒன்று மாநில எல்லை தெரியாமல் நாலு கோடு சிக்னல் அனுப்பும். கீழே குந்தியிருந்து இன்னொரு போனில் ஹாட்ஸ்பாட்டாக அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அன்று விடியும்போது பவதாரணிக்கு நர்சிங் சீட்டு வந்ததும் அந்த ஆணி வழியாகத்தான். பத்து மணிக்கு மேல், மாலை ஐந்துக்குள், 'சம்மதம்' என்ற பட்டனை அமுக்க வேண்டும். தவறினால் சீட்டு அடுத்த ஆளுக்கு.

அவளுடைய அப்பா ஜக்கையன் ஏலத்தோட்டங்களில் நிழல்மரங்களின் கிளை கழித்துக் கவாத்துச் செய்கிறவர். ஒன்பது மணிக்கு விழாக் குழுவின் திருப்பதி அவரைத் தேடி வந்தார். அன்றைக்கு லயத்துக்கு ஃபைபர் இணையம் திறப்பு விழா. போடியிலிருந்து வரும் சிறப்பு விருந்தினர் பெத்துராஜின் ஃபிளெக்ஸில், சரியாக அவர் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றது வடக்குக் கிளை. அதை வெட்டச் சொன்னார்.

"அதுல போனு தொங்குதேண்ணே."

"இனிமே அதெதுக்கு மாப்ளே? ஒயரே வீட்டுக்குள்ள வருது."

ஜக்கையன் மகளைப் பார்த்தார்.

"பதினோரு மணிக்குத் தொறந்துருவாங்கப்பா. புது நெட்டுல வெரசா அமுக்கிரலாம்."

போன்களை இறக்கிவிட்டு வெட்டினார். சுத்தமான வெட்டு. அதில் மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது.

பதினோரு மணி விருந்தினர் வந்தது மூன்று மணிக்கு. அதுவரை, "வந்துக்கிட்டே இருக்காரு" என்றார்கள். லயத்தின் ஒரே ஜீப்பும் அவரை வரவேற்கப் போயிருந்தது. ஏலக்காய் மாலை கழுத்தில் ஏறியதும், இணையத்துக்குத் தானே பிரசவம் பார்த்தவர்போலப் பேசினார் பெத்துராஜ்.

"அமெரிக்காவுல மொதமொத ஒரு கம்ப்யூட்டர்லருந்து இன்னொண்ணுக்கு ஒரு வார்த்த அனுப்புனாக. ரெண்டே எழுத்துதான் போச்சு. மிஷினு படுத்துருச்சு. சோர்ந்தாகளா?"

கைதட்டல். நாலரைக்கு ரிப்பன் வெட்டினார்கள். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அதற்கும் கைதட்டினார்கள்.

"செவப்பு எரிஞ்சா லைன் வரலன்னு அர்த்தம்ணே," என்றான் கேபிள் இழுத்த பிரதீப். "வளைவுல இன்னும் மூணு போஸ்ட்டு நடணும். தேதி முந்திக்கிருச்சு."

சிக்னல் கிடைக்கும் அடிவாரத்துக்கு இறங்கும் ஒற்றைப் பாதையை விருந்தினரின் எட்டுக் கார்கள் அடைத்துக்கொண்டிருந்தன. டிரைவர்கள் பிரியாணிப் பந்தியில். ஜக்கையன் மரத்தில் ஏறினார். சிக்னல் இருந்த இடம் கைக்கு ஆறடி தள்ளி, வெறும் காற்றாக இருந்தது. போனை மூங்கிலில் கட்டி நீட்டினார். மூங்கில் ஆடியது. கீழே பவதாரணியின் போனில் பக்கம் பாதி திறந்தது, வட்டம் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது.

"வருதா ஆத்தா?"

"ஆட்டாதப்பா."

ஐந்து அடித்ததும் முழுப் பக்கமும் பளிச்சென்று திறந்தது: கால அவகாசம் முடிந்தது.

"அமெரிக்காக்காரனுக்கு ரெண்டெழுத்தாச்சும் போச்சுப்பா," என்றாள். "எறங்கு."

அவர் இறங்கவில்லை. பந்தி அடுப்பில் வடக்குக் கிளை எரியாமல் புகைந்துகொண்டிருந்தது. ஆணிகளை மட்டும் பிடுங்கி வைத்திருந்தார்கள், அடுத்த ஃபிளெக்ஸுக்கு.