காப்பாற்றப்பட வேண்டியவள்

கேஷானியைக் கடற்கரை உயிர்காப்புக் குழுவுக்கு அழைத்து வந்ததே யசோதினிதான். அப்புத்தளை டவுனில் புத்தகக் கடையில் வேலை செய்த கேஷானி அப்போது அலையைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்வாள். யசோதினி கொஸ்லந்த தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்து ஆயா. லீவு கிடைத்தால் பஸ் ஏறி அறுகம் குடாக் கடற்கரைக்குப் போய், சம்பளமில்லாமல் கரைக்காவல் நிற்பாள். "மலையிலிருந்து வந்து கடல்ல நீந்துற புள்ள" என்று அந்தக் கரையிலுள்ள பொத்துவில்காரர்கள் அவளைத்தான் சொன்னார்கள்.

இரண்டாவது வருஷம் அந்தப் பேச்சு கேஷானிக்கு மாறியது.

ஒருநாள் லயத்து வீட்டில் சாப்பிடும்போது யசோதினியின் அப்பா அழகரே கேட்டார்: "அந்த அப்புத்தளைப் புள்ள மீன் கணக்கா நீந்துதாமே?"

யசோதினி பாதி ரொட்டியோடு எழுந்து கை கழுவப் போனாள்.

உயிர்காப்புப் போட்டி வந்தது. மீட்பு நீச்சலுக்கு இருவர் வேண்டும். ஒருத்தி ஆழத்தில் மஞ்சள் மிதவையருகே, தண்ணீரில் தத்தளிப்பவளாகக் காத்திருக்க வேண்டும். மற்றவள் நீந்திப் போய் அவளுக்குச் சிவப்பு மிதவையைக் கட்டி, கரைக்கு இழுத்து வர வேண்டும். இழுபடுகிறவள் மல்லாந்தபடி காலடித்து உதவலாம்.

"கேஷானி இழுக்கட்டும். நீ படு" என்றார் பயிற்சியாளர் ஸப்ரான்.

"ஸப்ரான் நானா, நான்தானே சீனியர்?"

"அவ வேகம், புள்ள."

மஞ்சள் மிதவையைப் பிடித்துக்கொண்டு யசோதினி கரையைப் பார்த்தாள். விசில் ஊதியது. எல்லாருக்கும் முன்னால் வந்த தலை கேஷானியுடையது. அவ்வளவு அழகாக நீந்தினாள். அந்த அழகைப் பார்க்கப் பார்க்க யசோதினியின் நெஞ்சு எரிந்தது. இவளைக் கையை நீட்டிக் கூப்பிட்டது யார், பயம் தெளிய வைத்தது யார் என்று ஒருத்தருக்கும் ஞாபகமில்லையே!

கேஷானி மிதவையைக் கட்டி இழுத்தாள். யசோதினி காலை அசைக்கவில்லை.

"அக்கா, கால அடிங்க!"

யசோதினி வானத்தைப் பார்த்தபடி மரக்கட்டையாகக் கிடந்தாள். ஒரு ஜோடி கடந்தது. இன்னொன்றும் கடந்தது. கேஷானியின் மூச்சு விசும்பலைப் போலக் கேட்டது. மூன்றாவதாகக் கரை சேர்ந்தார்கள்.

"என்ன நடந்த?" என்றார் ஸப்ரான்.

"மிதவை வார் கழண்டிருச்சு நானா" என்றாள் கேஷானி, யசோதினியைப் பார்க்காமலே.

திரும்பும் பஸ் மொணராகலையைத் தாண்டியது.

"எதுக்குப் பொய் சொன்ன?" யசோதினிதான் ஆரம்பித்தாள். "பெரிய மனசுன்னு காட்டவா?"

"பெரிய மனசும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க மேல அவ்வளவு கோவமா இருக்கு. ஆனா நெசத்தச் சொல்லி உங்கள குழுவ விட்டு வெளிய அனுப்பிட்டா, நான் தண்ணியில இறங்குற நேரம் கரையிலருந்து என்னய யாரு பாப்பா? மத்தவங்க போனைத்தான் பாக்குறாங்க."

அந்தப் பதிலிலும் கேஷானியே மேலே நின்றாள். யசோதினிக்கு அது இன்னும் வலித்தது. அவள் கொடுத்த பொய்யின் தயவில் இருப்பதைவிட எதுவும் மேல் என்று தோன்றியது. வெல்லவாயவில் பஸ் நின்றபோது இறங்கி ஸப்ரானுக்குப் போன் எடுத்தாள்.

"நானா, வார் கழறல. நான்தான் வேணும்னு கால் அடிக்கல."



"ஏன் புள்ள?"

"அவ ஜெயிக்கிறது எனக்குப் பொறுக்கல."

"இந்த வருசம் இனி எந்தப் போட்டிக்கும் வராத" என்றார். பிறகு, "காவலுக்கு வா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். கேஷானி ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம்விட்டாள்.

"அடுத்த வருஷம் தனி நீச்சல்ல உன்கூட இறங்குவேன்" என்றாள் யசோதினி.

"இறங்குங்க. விட்டுத் தர மாட்டேன்."

"விட்டுத் தந்தா கொன்னுருவேன்."

கேஷானி சிரிக்கவில்லை. கொஸ்லந்தவில் யசோதினி இறங்கினாள். பஸ் அப்புத்தளைப் பக்கம் ஏறியது. கேஷானி கையசைப்பாளா என்று பார்த்தாள். அசைக்கவில்லை. யசோதினி ஈரப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்து ரோட்டில் நடந்தாள்.