இலையின் பாகங்கள், பன்னிரண்டாவது தடவை

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராய்ச்சியாளர் அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பின்னே? நான்கு வருட உழைப்பு. இருநூற்றுப் பன்னிரண்டு வகுப்புகளில், சின்னப் பிள்ளைகளுக்கான பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து எழுதிய குறிப்புகள். ஆசிரியர் பயிற்சிக்கு வருகிறவர்கள் பள்ளியில் ஒரு வருடம் பழகினாலும் சரி, ஆறு வாரம் பழகினாலும் சரி, பாடம் நடத்தி வாங்கும் மதிப்பெண் ஒன்றுதான் என்று அவருடைய அறிக்கை அடித்துச் சொன்னது. மறுநாள் காலை கொள்கைக் குழு கூடுகிறது. குழு தலையாட்டினால் பயிற்சி ஆறு வாரமாகச் சுருங்கும். புதிதாக வரப்போகும் பயிற்சி இயக்ககத்துக்கு அம்மாதான் இயக்குநர். பெயரைத் தட்டச்சுகூடச் செய்தாகிவிட்டது என்று உள்ளே இருக்கும் ஒருவர் காதில் போட்டிருந்தார்.

தம்பி வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போனவர் சும்மா இருந்தாரா? கை கழுவிய ஈரம் காய்வதற்குள் மேசை முழுக்கக் காகிதங்களைப் பரப்பிவிட்டார். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த தம்பி, "அக்கா, இயக்குநர் ஆனப்புறம் எங்களையெல்லாம் ஞாபகம் இருக்குமா?" என்று சீண்டினான்.

"மனு எழுதிக் குடு, பாக்கலாம்."

தம்பி மகளுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். அந்தப் பெயருக்கு அவள் ஒருநாளும் குறை வைத்ததில்லை. படிவம் ஒன்றை எடுத்து, "இது என்ன அத்தை?" என்றாள்.

"டீச்சர் எப்படிப் பாடம் நடத்துறாங்கன்னு பாத்துக் குறிக்கிறது. மொத்தம் இருபது கேள்வி. இதோ, பதினாலாவது. பிள்ளை தப்பா பதில் சொன்னா பொறுமையா திருத்துறாங்களான்னு பாக்கணும்."

"ஓ, அது நான்தான்!"

"எது நீ?"

"தப்பா சொல்றது. பயிற்சி டீச்சர் யார் வந்தாலும் எங்க கிளாஸ்ல நான்தான் தப்பா சொல்லணும். காம்பைத் தொட்டு 'இது வேர்'னு சொல்லுவேன். அவங்க சிரிச்சுக்கிட்டே வந்து திருத்துவாங்க. முந்தின நாளே ரெண்டு தடவை ஒத்திகை பாத்துடுவோம்."

"எல்லா டீச்சருமா?"

"ஆமா. இந்த வருஷம் இலையின் பாகங்கள் பன்னெண்டு தடவை ஆச்சு. படம்கூட ஒண்ணுதான். ஒருத்தங்க முடிச்சதும் அடுத்தவங்க வாங்கிட்டுப் போயிடுவாங்க, ஓரமெல்லாம் கிழிஞ்சு டேப் ஒட்டியிருக்கு. வகுத்தல்தான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

அம்மா படிவத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். சொந்தக்காரப் பிள்ளை படிக்கும் இடத்தில் ஆய்வு செய்யக் கூடாது என்று அந்தப் பள்ளிப் பக்கமே அவர் எட்டிப் பார்த்ததில்லை. ஆனால் அங்கே பயிற்சி டீச்சர்களுக்கு மதிப்பெண் போட வருகிற அதிகாரிகள் கையிலும் இருந்தது அவருடைய படிவம்தான். சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பது நாகரிகமில்லையே என்று, போகும் இடத்துக்கெல்லாம் தேதியையும் படிவத்தையும் ஒரு வாரம் முன்னதாகவே அனுப்பிவைத்த புண்ணியவதியும் அவரேதான்!

படிவக் கட்டுகளைப் பிரித்தார். இலையின் பாகங்கள். இலையின் பாகங்கள். மறுபடியும் இலையின் பாகங்கள். இதைப் பார்த்துவிட்டுத்தான் அறுபத்தோராம் பக்கத்தில் 'பாடத்திட்டம் சீராகப் பின்பற்றப்படுகிறது' என்று பெருமையாக எழுதியிருந்தார். பதினான்காம் கேள்விக்கு இருநூற்றுப் பன்னிரண்டு படிவத்திலும் சரிக்குறி. அத்தனை வகுப்பிலும் யாரோ ஒரு பிள்ளை, சொல்லிவைத்த மாதிரி, சரியான நேரத்தில் தப்பாகச் சொல்லியிருக்கிறது. உலகத்தில் எந்த வகுப்பில் ஐயா இப்படி நடக்கும்? ஒத்திகை பார்த்த நாடகத்துக்கு மதிப்பெண் போட்டால் ஒரு வருடக்காரரும் ஆறு வாரக்காரரும் ஒன்றாகத்தானே தெரிவார்கள்!

விஷயம் புரிந்ததும் தம்பி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "அக்கா, நாளைக்கு ஒருநாள் வாயைத் திறக்காத. பதவி கைக்கு வரட்டும். அப்புறம் உள்ள இருந்தே சரி பண்ணிக்கலாம்."

அம்மா படிவங்களை மறுபடி அடுக்கிக் கட்டினார். அந்தப் பதவி அவருக்கு வேண்டும். ஆசை இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

மறுநாள் குழு அறையில் ஐந்து பேர், நீள மேசை, தட்டில் பிஸ்கட். தலைவர் ஒருகாலத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து மேலே வந்தவர். "ஆரம்பிங்கம்மா" என்றார்.

"இந்த அறிக்கை தப்புங்க சார்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "எந்தப் பக்கம்?"

"அட்டையைத் தவிர எல்லாப் பக்கமும்."

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். காச்சு மூச்சென்று கத்தப்போகிறார்கள் என்று பார்த்தால், ஓரத்தில் இருந்த பெண் உறுப்பினர் குபீரென்று சிரித்துவிட்டார். "எங்க காலத்துல தவளை சார்! அதே ஒத்திகைதான்."

"எனக்கு முக்கோணம்" என்றார் தலைவர். "தப்பா சொல்றதுக்குன்னே ஒருத்தனைப் பழக்கி வச்சிருந்தேன். அன்னிக்குப் பாத்து அந்தப் படுபாவி சரியா சொல்லித் தொலைச்சான்!"

அறையே அதிர்ந்தது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க என்னம்மா நடத்துனீங்க?" என்றார்.

அம்மா இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "காந்தம்" என்றார். "மூணு தடவை ஒத்திகை. முதல் பரிசு குடுத்தாங்க. அடுத்த மாசமே வேலைக்குப் போனேன். நாப்பது பிள்ளைங்க. ஒரு கேள்விக்குக்கூட நான் நினைச்ச பதில் வரல. தினமும் கழிப்பறைக்குள்ள போய் அழுவேன். மூணே மாசத்துல ஓடி வந்துட்டேன். ஆராய்ச்சிதான் எனக்குப் பிடிக்கும்னு அன்னிலேருந்து எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. தலைவர் பேனாவைத் திறந்து, முன்னால் இருந்த ஆணை வரைவில் 'ஆறு வாரம்' என்பதை அடித்து, 'ஒரு வருடம்' என்று எழுதினார். பிறகு தாளைப் புரட்டினார். "அறிக்கை இல்லன்னா இயக்குநர் பேரையும் எடுக்கணும். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

அதையும் அடித்தார். வலித்தது, நன்றாகவே வலித்தது. ஆனாலும் அம்மா உட்காரவில்லை.

"ஒரு வருஷம் மட்டும் போதாது சார். வேலைக்குப் போன முதல் வருஷம், பக்கத்துல நிக்கறதுக்கு ஒரு ஆள் வேணும்னு சேர்த்து எழுதுங்க. எனக்கு அப்படி ஒருத்தர் இருந்திருந்தா, இன்னிக்கும் நான் அந்த வகுப்புலதான் இருந்திருப்பேன்."

தலைவர் எழுதினார்.